மேலணைக்கும் கீழணைக்கும் நடுவே

தோணியின் முன்முனையில் என் மாமியார் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் புடவையை முழங்கால்வரை ஏற்றிச் செருகியிருந்தாள். அவளுக்குப் பின்னால் நான், ஊறி வருகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தேன். சேர்த்துக் கட்டியிருந்த பக்கத்துப் பனைமரத் தோணியில் நின்றபடி என் வீட்டுக்காரர் கோதண்டம் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

மழை விட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஆறு நிறைந்து, அசையாமல், ஈயம் பூசின தட்டு மாதிரி கிடந்தது. இரண்டு கரைப் பனைகளும் தண்ணீருக்குள் தலைகீழாகத் தெரிந்தன. நாணல் புதரில் கொக்குகள் இறகை உதறிக்கொண்டு நின்றன. அவ்வளவு அழகான ஆற்றை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு பார்க்கப் பிடித்ததும் இல்லை.

"சீக்கிரம் வலிடா. பதினோரு மணிக்குள்ள போயாவணும்" என்றாள் அத்தை.

"வலிச்சிக்கினுதானம்மா இருக்கேன். பறந்தா போவ முடியும்?"

"பறந்துதான் போவணும். துணிய வெலக்கிட்டானுங்கன்னா அப்புறம் போயி இன்னா பிரயோசனம்?"

அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீரை ஊற்றினேன்.

ஒரு வாசகிக்குப் பதில்

போன வாரம் என் கல்யாணப் பந்தியில் சாம்பாருக்கு உப்புப் போட மறந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு அம்மாள், "இத்தனை வாரமாக மாமியாரைத் திட்டித் தீர்க்கிறீர்கள், வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரிகூடக் காணோமே, அவர்மேல் கோபமா?" என்று கேட்டிருக்கிறார்.

கோபமெல்லாம் இல்லை அம்மா. அவரோடு நான் கொண்டாடியது இரண்டு பொங்கல்தான். நல்ல மனிதர். கிச்சுக்கிச்சு மூட்டினால் கரும்புத் தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி சிரிப்பார். கோழிக்குப் பயப்படுவார். ஆறடி ஆள் கோழியைக் கண்டு ஒதுங்குவதைப் பார்த்து ஊரே கேலி செய்யும்.

ஆனால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எங்கே ஆரம்பித்தாலும் கை இந்தத் தோணிக்குத்தான் வருகிறது. அதனால் தள்ளிப் போட்டேன். சரி, இந்த வாரம் எழுதித் தொலைக்கிறேன்.

மூத்தவன்

அத்தைக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் ராசாங்கம், இளையவர் என் வீட்டுக்காரர். நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போவதற்கு ரொம்ப முன்னாலேயே மூத்தவர் முதல் பெரிய யுத்தத்துக்குப் போய்விட்டார். சண்டை போடப் போனவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். பிரெஞ்சுக்காரன் சட்டையை மாட்டிக்கொண்டு கப்பலேறின அந்தச் சொல்தாவின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. படம்கூடக் கிடையாது.

யுத்தம் முடிந்தது. போனவர்களில் சிலர் திரும்பினார்கள். ஒருவர் ஒரு காலோடு வந்தார். ராசாங்கம் வரவில்லை. காணாமற் போனார் என்று முதலில் சேதி வந்தது. பிறகு ஒரு வருஷம் கழித்து, காணாமற் போனவர்களையெல்லாம் செத்தவர்களாகவே சர்க்கார் எடுத்துக்கொண்டது.

அத்தை எடுத்துக்கொள்ளவில்லை. "ஒடம்பக் காட்டு, நான் ஒத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். கருமாதி செய்ய விடவில்லை. அவருடைய கோரைப்பாயைச் சுருட்டி மூலையில் சாத்தி வைத்திருந்தாள். புதிதாக வந்த மருமகள் நான், ஒருநாள் தெரியாமல் அந்தப் பாயை விரித்துப் படுத்துவிட்டேன். அன்றைக்கு வாங்கின திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

வரலைங்க

யுத்தம் முடிந்த நாளை வருஷாவருஷம் வில்லியனூரில் கொண்டாடுவார்கள். ஐப்பசிக் கடைசியில் வரும். கொம்யூன் என்கிற ஊராட்சி அலுவலகத்தை நாங்கள் மேரி என்போம். மேரி வாசலில் கொடி கட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். பதினோரு மணி அடித்ததும் அதிர்வேட்டுப் போடுவார்கள். கோயில் தேருக்குப் போடுவார்களே, இரும்புக் குழாயில் மருந்து கெட்டித்து, அதே வேட்டுதான்.

பிறகு மாண்டுபோன சொல்தாக்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பிள்ளைகள் பிரெஞ்சில் "பிரான்சுக்காக மாண்டார்" என்று ஒரே குரலில் பதில் சொல்ல வேண்டும்.

ராசாங்கத்தின் பெயர் வந்ததும், பிள்ளைகள் வாயைத் திறப்பதற்கு முன்னால் அத்தை கூட்டத்திலிருந்து உரக்கச் சொல்வாள்: "வரலைங்க. இன்னும் வரலை."

முதல் வருஷம் சிரித்தார்களாம். அடுத்த வருஷம் சேவகன் வந்து கையைப் பிடித்து வெளியே விட்டானாம். மூன்றாவது வருஷத்திலிருந்து யாரும் ஒன்றும் செய்வதில்லை. வாசிக்கிற குமாஸ்தாவே அந்தப் பெயர் வந்ததும் நிறுத்திக்கொண்டு அத்தையைத் தேடிப் பார்ப்பான். அவள் சொல்லி முடித்த பிறகு அடுத்த பெயருக்குப் போவான். பிள்ளைகளும் அந்த ஒரு பெயருக்குப் பதில் சொல்லாமல் நிற்கப் பழகிவிட்டார்கள். ஒருமுறை நானே போய்ப் பார்த்தேன். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் மட்டும் தலையைக் குனியாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்கிற வருஷம் வந்தது வேறு சங்கதி. மேரி வாசலில் கல் நாட்டுகிறார்கள், செத்தவர்கள் பெயரையெல்லாம் வெட்டியாகிவிட்டது, மேல் துணியைப் பதினோரு மணிக்கு விலக்கப் போகிறார்கள் என்று தெரிய வந்தது.

அத்தை மேரிக்கு ஓடினாள். அங்கே இருந்த ஒரு பெரிய மனிதர், "துணியை விலக்குறதுக்கு முன்னாடி வந்து சொல்லும்மா, துரைகிட்ட கேட்டு அந்தப் பேரைப் பூசிடலாம்" என்றிருக்கிறார். தட்டிக்கழிக்கச் சொன்ன வார்த்தை. எனக்கே அது புரிந்தது. அத்தைக்கு அது சாமி வாக்கு.

"பேச்சுல சொன்னது காத்தோட போயிடும். கல்லுல ஏறிட்டா என் புள்ள அப்புறம் எறங்க மாட்டான்" என்று அன்றிரவு சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள். சாப்பிடவில்லை.

இரண்டு சர்க்காருக்கு நடுவே ஒரு ஆறு

எங்கள் ஊரும் பிரெஞ்சு எல்லை, வில்லியனூரும் பிரெஞ்சு எல்லை. ஆனால் நடுவில் இங்கிலீஷ்காரன் எல்லை நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும். பாதையில் போனால் சுங்கச் சாவடியில் நிறுத்தி மடியை அவிழ்த்துக் காட்டச் சொல்வான். ஒருமுறை அத்தையின் வெற்றிலைப் பையைக் கவிழ்த்துக் கொட்டினான் ஒருவன். கொட்டினதை அவனையே பொறுக்க வைத்துவிட்டுத்தான் அவள் நகர்ந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பாதையை மிதித்ததில்லை. மழைக்காலத்தில் அது எப்படியும் முழங்கால் சேறு.

ஆறு அப்படி இல்லை. மேலணை இங்கிலீஷ் எல்லையில் இருந்தது. கீழணை எங்கள் பக்கத்தில், வில்லியனூருக்குச் சற்று மேலே. இரண்டும் எந்தக் காலத்திலோ கட்டினது. கருங்கல் தூண்களுக்கு நடுவே பலகைகளைச் சொருகித் தண்ணீரை நிறுத்துவார்கள். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு அணைக்கும் நடுவே ஆறு குளம்போல நிற்கும். இரண்டு பனந்தோணிகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் சேர்த்துக் கட்டிக்கொண்டால் குடும்பமே போகலாம். கீழணைக்கு மேலே படித்துறை. இறங்கி நடந்தால் மேரி பக்கம்தான்.

மேலணையில் தண்ணீர் அளவுக்கு மீறி ஏறினால் அங்கே இருக்கிற நீர்க்கட்டி, மதகுக் காவல்காரர், பலகைகளை எடுப்பார். எடுப்பதற்கு முன்னால் அதிர்வேட்டுப் போடுவார். அதைக் கேட்டால் ஆற்றில் இருப்பவர்கள் கரைக்கு வந்துவிட வேண்டும், மாடு மேய்ப்பவர்கள் மாட்டை மேட்டில் ஏற்றிவிட வேண்டும். வேட்டுச் சத்தத்துக்கும் தண்ணீர் வருவதற்கும் நடுவே ஒரு பானை சோறு வேகிற நேரம் இருக்கும். எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது.

அதே வேட்டுதான், அதே இரும்புக் குழாய்தான். பனந்தோப்பில் மோதித் திரும்பும்போது சத்தம் மேற்கிலிருந்து வருகிறதா, கிழக்கிலிருந்து வருகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. வருஷத்தில் மற்ற நாளெல்லாம் அதைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஆற்றில் வேட்டுக் கேட்டால் அது அணை வேட்டுதான்.

வேட்டு

பாதி தூரம் வந்திருப்போம். கரையோரமாகவே வந்துகொண்டிருந்தோம். வானம் மூடியிருந்ததால் பொழுது தெரியவில்லை. எங்களிடம் கடிகாரம் ஏது?

டம் என்று ஒன்று. கொக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்தன. பிறகு இன்னொன்று.

அவர் துடுப்பை நிறுத்தினார். "எம்மா, அணை வேட்டு மாதிரி இருக்குது."

அத்தை திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். "இன்னிக்கு இன்னா நாளுன்னு மறந்துட்டியா? ஆரம்பிச்சிட்டானுங்கடா. துணிய வெலக்கப் போறானுங்க."

"மழ பேஞ்சிருக்குதும்மா. பலகய எடுத்திருந்தா?"

"வருசா வருசம் கேக்குற வேட்டு எனக்குத் தெரியாதா? கரையோரமா ஊர்ந்துக்கினு இருக்காத. நடுவுல வுட்டு வலி. உன் அண்ணன் பேரக் கல்லுல ஏத்துறானுங்க, நீ நின்னுக்கினு கீற."

அந்தாண்டக் கரையில், இங்கிலீஷ் எல்லையில், ஒரு ஆள் மாடுகளை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்துத் துண்டை வீசினான். "ஏ தோணி, கரைக்கு வாங்க, தண்ணி வருது" என்று கத்தினான்.

"அவன் இங்கிலீசுக்காரன் ஊரு ஆளு. நம்ப திருநாளு அவனுக்கு இன்னா தெரியும்? வலிடா" என்றாள் அத்தை.

அவனுக்கு அது சாதாரண நாள். அதனால்தான் அவனுக்குச் சரியாகத் தெரிந்தது. எங்களுக்குத் திருநாள். ஆறு இரண்டு சர்க்காருக்கும் பொது. எந்தக் கரையில் பிறந்தாய் என்பதை வைத்து ஒரே சத்தம் இரண்டு சத்தமாகக் கேட்டது. அத்தை சொன்னதைத்தான் நானும் நம்பினேன். எங்கள் எல்லையில் பிறந்த யாரும் அன்றைக்கு அதைத்தான் நம்பியிருப்பார்கள்.

அவர் நம்பினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு நிமிஷம் கரையைப் பார்த்தார். பிறகு அம்மாவின் முதுகைப் பார்த்தார். தோணியை நடு ஆற்றுக்குத் திருப்பினார்.

தண்ணீர்

முதலில் சத்தம் எதுவும் வரவில்லை. நிறம்தான் மாறியது. ஈயத் தட்டாகக் கிடந்த தண்ணீரில் பழுப்பு நாடாக்கள் ஓடின. பிறகு சருகு, சுள்ளி, நுரை. சேற்று வாசனை குப்பென்று அடித்தது.

"கனகு" என்றார் அவர். என் பெயரைச் சொல்லி அவர் அம்மா முன்னால் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அம்மாவக் கெட்டியா புடிச்சிக்கோ."

அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னதும் அதுதான்.

தோணி தானாக ஓட ஆரம்பித்தது. அவர் துடுப்பைக் குறுக்கே போட்டுப் படித்துறைப் பக்கம் திருப்பப் பார்த்தார். படித்துறை எங்களைக் கடந்து போனது. கீழணைத் தூண்கள் வரிசையாக எதிரே வந்தன. தூண்களுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழுகிற இரைச்சல் அப்போதுதான் காதில் ஏறியது.

தூணில் மோதினோம். நார்க்கயிறு அறுந்தது. சேர்த்துக் கட்டின இரண்டு மரமும் பிரிந்தன. நானும் அத்தையும் இருந்த மரம் தூணுக்குக் குறுக்கே செருகிக்கொண்டு நின்றது. அவர் நின்ற மரம் பக்கத்து இரண்டு தூணுக்கு நடுவே, பலகைக்கு மேலே வழிந்த தண்ணீரோடு போய்விட்டது. இவ்வளவுதான். கத்தினாரா என்றுகூடத் தெரியாது. தண்ணீர் போட்ட இரைச்சலில் நான் கத்தினதே எனக்குக் கேட்கவில்லை.

ஒரு கையால் தூணிலிருந்த இரும்பு வளையத்தையும் இன்னொரு கையால் அத்தையின் இடுப்பையும் பிடித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கை மரத்துப் போயிருந்தது.

அப்போது வில்லியனூரிலிருந்து வேட்டுச் சத்தம் கேட்டது. மேரி வேட்டு. பதினோரு மணி வேட்டு.

அத்தை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் கைக்குள் அவள் உடம்பு ஒருதரம் தூக்கிப் போட்டது. அவளும் கேட்டுவிட்டாள்.

தேடினது

கீழணை ஆட்கள் தாம்புக்கயிறு போட்டு எங்களை இழுத்தார்கள். முதலில் கயிற்றைப் பிடித்தவன் துண்டை வீசின அந்த மாட்டுக்காரன். கரையோரமாகவே ஓடி வந்திருக்கிறான். அவனை ஒரு வார்த்தை விசாரிக்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. பிறகு நான் அவனைப் பார்க்கவே இல்லை.

முகத்துவாரம்வரை தேடினார்கள். உடைந்த மரம் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. இந்தப் பக்கத்துப் போலீஸ் அந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கும் என்றது. அந்தப் பக்கத்துப் போலீஸ் இந்தப் பக்கம் என்றது.

மேரி வாசலில் என்ன நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். துணியை விலக்கினார்கள். பெயர்களை வாசித்தார்கள். ராசாங்கத்தின் பெயர் வந்ததும் குமாஸ்தா வழக்கம்போல நிறுத்திக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தானாம். யாரும் பேசவில்லை. இருமிவிட்டு, பிள்ளைகளைப் பார்த்துத் தலையை அசைத்தானாம். அவர்கள் சொன்னார்கள்.

எனக்கு அத்தை மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. இருக்கிற பிள்ளையைக் கொண்டுபோய் இல்லாத பிள்ளைக்குப் பலி கொடுத்தாளே என்று நெஞ்சு எரிந்தது. அவள் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை. அவள் அடுப்படியில் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். கஞ்சி வைத்தால் வைத்தது ஆறிக் கிடக்கும். ஒருநாள்கூட அவள் அழுது நான் பார்க்கவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆற்றங்கரையில்

கருமாதி நாள் குறித்தார்கள். செத்தவருக்காக ஆற்றங்கரையில் ஒரு கல்லை நட்டு, தண்ணீர் ஊற்றி, அங்கேயே பெண்டாட்டிக்காரியின் தாலியை வாங்குவது எங்கள் வழக்கம். மஞ்சள் பூசி, பூ வைத்து என்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். சடங்கு செய்கிற பண்டாரம் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். மணல் ஈரமாக, சில்லென்று இருந்தது. ஆறு வடிந்து ஒன்றுமே தெரியாத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

நாத்தனார் முறையாக வேண்டிய பெண் ஒருத்தி என் கழுத்தில் கையை வைத்தாள். நான் தட்டிவிட்டேன்.

"ஒடம்பு கெடைக்கல" என்றேன். "ஒடம்பக் காட்டுங்க, நான் குடுக்கறேன்."

சொல்லும்போதுதான் அது யார் வார்த்தை என்று உறைத்தது. அவர் நீந்தத் தெரிந்தவர், எங்காவது கரையேறியிருப்பார், இங்கிலீஷ் ஊரில் எவர் வீட்டிலாவது காய்ச்சலில் கிடப்பார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அத்தனையும் நம்பினேன். பெரியவர்கள் சமாதானம் சொன்னார்கள். பண்டாரம் நேரமாகிறது என்றார். நான் இரண்டு கையாலும் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அத்தை எழுந்தாள். எழுந்து நிற்க அவளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. வந்து என் எதிரே மணலில் உட்கார்ந்தாள். விபத்துக்குப் பிறகு முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"கோதண்டம் செத்துட்டான்டி. என் கண்ணு முன்னால போனான். நான்தான் கொண்டுபோயி வுட்டேன்."

நான் தாலியை விடவில்லை.

"நீ இன்னும் இருவது தாண்டல. நாளைக்கு வருவான், மறுநாளு வருவான்னு வாசலப் பாத்துக்கினு இருக்கலாம்னு பாக்கிறியா? எவன் தெருவுல நடந்தாலும் நெஞ்சு துடிக்கும். சோறு எறங்காது. ராத்திரியில கதவத் தாப்பா போட மாட்ட. வேணாம்டி. அது உசுரோட இருக்கிற பொழப்பு இல்ல."

"நீங்க இருந்தீங்களே அத்தை."

"இருந்தேன்." அவள் கண் ஆற்றின் மேல் இருந்தது. "மொத சேதி வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா? வாயத் தொறந்து சொல்லிட்டா நானே அவனைக் கொன்னா மாதிரி ஆயிடும்னு பயந்துக்கினு கெடந்தேன்."

பிறகு பண்டாரத்தின் பக்கம் திரும்பினாள்.

"இன்னொரு கல்லு எடுத்தாந்து வைங்க. பெரியவனுக்கும் சேத்து செஞ்சிடுங்க."

பண்டாரம் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அவர் ஆற்றில் இறங்கி, தேடி, ஒரு கல்லை எடுத்து வந்து முதல் கல்லுக்குப் பக்கத்தில் நட்டார். பெயர் கேட்டார். "ராசாங்கம்" என்றாள் அத்தை. சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அந்த அழுகையை நான் எழுதப் போவதில்லை.

நான் தாலியை விட்டுவிட்டுக் கழுத்தைக் குனிந்து கொடுத்தேன்.